மோர்ச் சொம்பில் இசப்கோல்

ஏனுங்க,

சோறு குண்டாவில் இருக்கிறது. கேஸ்காரர் வந்தால் சிலிண்டரை வாங்கி வையுங்கள். உங்களோடு பேசுவதாக இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று கிணத்துக்கடவிலிருந்து ராசப்பன் அண்ணன் குடும்பத்தோடு வந்தபோது, குண்டா நிறைய அரிசிம்பருப்பு சாதம் செய்திருந்தேன். ஒரு கரண்டியோடு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "போதும் அம்மணி, வயித்துல எடமே இல்ல" என்றார் அண்ணன். என் கைப்பக்குவம் போய்விட்டதென்று நான் அழுதேன். நீங்கள் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

காலையில்தான் மாவுச் சட்டிக்குப் பின்னால் காலிப் பாக்கெட் கிடைத்தது. தொப்பை குறைய, தினமும் தண்ணீரில் கலந்து குடிக்க டாக்டர் சொன்ன இசப்கோல் நார்ப்பொடி. தினமும் கலக்கச் சோம்பல்பட்டு, மொத்தத்தையும் மோர்ச் சொம்பில் கொட்டியிருக்கிறீர்கள். நானோ கெட்டித் தயிரென்று நினைத்து, தண்ணீர் விட்டு அடித்து, வெயிலில் வந்தவர்களுக்கு ஆளுக்கு ரெண்டு டம்ளர் கொடுத்தேன். அந்த நார்ச்சத்து வயிற்றில் கூழாக உப்பிப் பசியை அடக்கிவிட்டது. தொப்பை உங்களுக்கு, பட்டினி எங்கள் அண்ணனுக்கா?

மிச்சச் சாதம் முழுவதும் நீங்களே சாப்பிட வேண்டும். மோர் கிடையாது.

இளவேனில்

இன்னொன்று. அண்ணி இப்போதுதான் போன் செய்தார். ராத்திரி வரை அண்ணன் முறுக்கு டப்பா பக்கமே போகவில்லையாம். "அந்த மோரு எப்படிங்க செஞ்சீங்க?" என்று கேட்டார். எங்கள் வீட்டுப் பக்குவம் என்று சொல்லிவிட்டேன். மோர் குடிக்கவே ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார்கள். வாயைத் திறக்காமல் ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள்.

இந்த முறை சாப்பாடு முதலில். மோர் அவர்கள் செருப்புப் போடும்போதுதான்.