ஹனாவின் வியர்வையில் உப்பு

ஜூலை 7, திங்கள்
மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று. காலையிலேயே அனல்.
மகள் ஹனாவுக்கு மறுபடி இருமல். ஏழு வயது, இந்த வருடம் நாலாவது தடவை. பாடசாலைக்கு அரைநாள் லீவு போட்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். புதிதாக வந்த பிள்ளைகளுக்கான டொக்டர் பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி: முத்தமிட்டுக் கொஞ்சும்போது பிள்ளை உப்புக் கரிக்குமா?
கரிக்கும். வெயிலால் என்று நினைத்திருந்தேன்.
கொழும்புக்குக் கடிதம். வியர்வைப் பரிசோதனை.

ஜூலை 10, வியாழன்
கொழும்பு. கையில் சின்ன மின்சாரம் கொடுத்து வியர்க்க வைத்தார்கள். எறும்பு ஊருது என்றாள், அழவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் வாந்தி. துவாய் தொலைந்தது.

ஜூலை 15, செவ்வாய்
முடிவு வந்தது. வியர்வையில் குளோரைட்டு, உப்பின் ஒரு கூறு, மிக அதிகம்.
பன்னிரண்டு வருடமாக உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். கலமென்சவ்வு, கால்வாய்ப் புரதம், அயன் கடத்தல். இன்று அதை எனக்கே எழுதிப் பார்த்தேன்.
காற்றுப்பாதையின் கலங்கள் ஒரு கால்வாயைத் திறந்து குளோரைட்டை வெளியே விடும். சோடியம் பின்னால் போகும், தண்ணீரும் போகும். அந்த ஈரத்தில்தான் நுண்ணிய மயிர் போன்ற பிசிர்கள் அசைந்து சளியை மேலே தள்ளும். ஹனாவுக்கு அந்தக் கால்வாய் திறப்பதில்லை. சளி பசையாகிறது, கிருமி தங்குகிறது. தோலில் அதே கால்வாய் வியர்வையிலிருந்து உப்பை உள்ளே எடுக்க வேண்டும். அதுவும் நடப்பதில்லை.
தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய். இதை என் கணவர் ரிஸ்வானுக்கு எப்படிச் சொல்வது? அவர் கட்டாரில். என் சொந்த மாமாவின் மகனும்கூட.
பால்மா முடிந்தது.

ஜூலை 18, வெள்ளி
ரிஸ்வானுக்கு இன்று லீவு. போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்:
“ஆர்ட பக்கத்தால வந்த?”
“ரெண்டு பேர்ட பக்கத்தாலயும்.”
எங்கள் குடும்பத்தில் அப்படி எவருக்கும் இல்லையே என்றார். மாமா, ரிஸ்வானின் வாப்பா, பக்கத்துக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.
“உன்ட மூத்த காக்கா, எங்கட தலைப்புள்ள, அவனக் கொஞ்சினாலும் உப்புத்தான் மகன். சின்னதிலயே நெஞ்சுச்சளியில மூச்சு நிண்டு மௌத்தானான். நான் மழையில தூக்கிட்டுப் போனதாலதான் எண்டு உன்ட உம்மா கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தா. நானும் அப்படித்தான் நெனச்சன்.”
போனைத் திருப்பித் தந்தார். பிறகு என்னிடம், “அப்ப மழையால இல்லையா புள்ள?” என்று கேட்டார்.
இல்லை மாமா என்றேன். இரண்டாம் தடவையும் கேட்டார். அதே பதில் சொன்னேன். எழுந்து ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். நான் வடிக்க மறந்ததில் சோறு குழைந்துவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு
மருந்துப் பட்டியல்: சமிபாட்டுக் குளிசை சாப்பாட்டோடு, கணையத்திலும் அதே கால்வாய் என்பதால். விற்றமின். காலையும் மாலையும் உப்புத்தண்ணீர்ப் புகை, அந்த உப்பு காற்றுப்பாதைக்குள் தண்ணீரை இழுக்கும். பிறகு முதுகில் தட்ட வேண்டும், கையைக் குழித்து.
முழுதாகச் சுகமாகாது. ஆனால் சளியைத் தங்க விடாமல் பார்க்கலாம் என்றார் டொக்டர்.
மாலையில் தட்டுவதற்கு மாமா வந்தார், தான் செய்வதாகச் சொல்லி. ஹனாவை மடியில் குப்புறப் படுக்க வைத்தார். கையைக் குழித்து வைத்துக்கொண்டே இருந்தார், தட்டவில்லை.
“நோவாது மூத்தாப்பா,” என்றாள் ஹனா. “அடிங்க.”
தட்டினார். மெதுவாக, பிறகு சரியான கனத்தில். கொஞ்ச நேரத்தில் அவள் இருமித் துப்பினாள், பேசினுக்குள் ஒரு கட்டி சளி.