சாய்த்துப் படுக்க வைத்தபோது

பிப்ரவரி 4

அன்புள்ள உங்களுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கைப்பேசியை அணைத்து வைத்தேன். உங்கள் அக்கா அழைத்தால் அழுதுவிடுவேன். மூக்கில் குழாய் போட்டபின் உங்களாலும் அதிகம் பேச முடியாது. விடுப்பு இல்லாமல் ராத்திரியே கல்லூரிக்குத் திரும்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

தனித்தனி ஊரில் இருக்கிறோம் என்பதற்காக, வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்ததைக்கூட அக்கா சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அதை விடுங்கள். காய்ச்சலும் வலியுமாகக் கிடந்துகொண்டு, டாக்டர் கேட்கும்போதெல்லாம் "ஒண்ணுமில்ல" என்றிருக்கிறீர்கள்.

நேற்று எக்ஸ்ரே அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். படத்தில் வெள்ளையாகத் தெரியும் மருந்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். மல்லாந்து படுத்திருந்தவரை அது குடலுக்குள் ஒழுங்காகத்தான் இறங்கியது. டாக்டர், "இடது பக்கமா சாஞ்சு படுங்க" என்றார். சாய்ந்ததும் குடலில் போட்ட தையலின் ஓரத்திலிருந்து மெல்லிய வெள்ளைக் கோடு வெளியே ஓடியது. கசிவு. திரையைப் பார்த்துக்கொண்டே நீங்கள் கேட்டீர்கள்: "எல்லாம் சரியா இருக்குல்ல, டாக்டர்?"

பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒன்றே ஒன்று. இங்கே என் வேலை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. உங்களிடம் திரும்பி வரத் தயாராக இருக்கிறேன். ஆனால் 'வா' என்று நீங்கள் சொல்ல வேண்டும். அக்கா சொல்லி அல்ல.

நான்

பிப்ரவரி 9

வாத்தியாரம்மாவுக்கு,

வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கசிவு சின்னது, வயிற்றைச் சும்மா போட்டால் தானாக மூடிக்கொள்ளும் என்கிறார்கள். சும்மா இருப்பதில் என் திறமை உனக்குத் தெரியும்.

அந்த மருந்து படு கசப்பு. உன் ஆண்டுவிழாப் பேச்சு மாதிரி, முடிந்த பிறகும் முடியவில்லை.

வலியைச் சொன்னால் மறுபடி வயிற்றைத் திறப்பார்களோ என்று பயம். அவ்வளவுதான்.

அக்கா கூடவே இருக்கிறாள். நீ வகுப்பைக் கெடுத்துக்கொண்டு அலைய வேண்டாம். மற்றபடி உன் விருப்பம்.

படுக்கையில் கிடப்பவன்

பிப்ரவரி 13

அன்புள்ள உங்களுக்கு,

'உன் விருப்பம்' என்பதை எத்தனை தரம் படித்தேன் தெரியுமா. நம் கல்யாணத்திலிருந்து இப்படிப்பட்ட வாக்கியங்களுக்குப் பொருள் சொல்லியே காலத்தை ஓட்டினேன். 'பசியில்லை' என்றால் கோபம். 'தூக்கம் வருது' என்றால் உங்கள் கடையில் யாரோடோ சண்டை. சில நாள் சரியாகச் சொன்னேன், பல நாள் தவறினேன். அலுத்துப்போய்த்தான் கிளம்பினேன். கிளம்பும்போது நீங்கள் ஆட்டோ பிடித்துக் கொடுத்தீர்கள்.

இந்த முறை நானாகப் பொருள் சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று இருபதாம் தேதி பதில் தர வேண்டும்.

நான்

பிப்ரவரி 18

வாத்தியாரம்மாவுக்கு,

இன்று மறுபடி அந்தக் கசப்பு. மல்லாந்து, இடது பக்கம், வலது பக்கம் என்று துணி தேய்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் போட்டார்கள். கசிவு இல்லை. குழாயை எடுத்தாயிற்று. ஒரு ஸ்பூன் தண்ணீர் குடித்தேன். தண்ணீருக்கு இவ்வளவு ருசியா!

வலி இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். "வலிக்குது டாக்டர், ராத்திரியில ரொம்ப" என்றேன். உன் கடிதம் தலையணைக்கடியில் இருந்தது.

அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அக்காவும் ஊருக்குக் கிளம்புகிறாள். நான் சமாளித்துக்கொள்வேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

படுக்கையிலிருந்து எழுந்தவன்

பிப்ரவரி 20

அன்புள்ள உங்களுக்கு,

கசிவு இல்லை என்ற வரியைப் படித்துவிட்டு வகுப்பு வாசலிலேயே நின்று அழுதேன். பிள்ளைகள் பார்த்தார்கள், பரவாயில்லை. டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னீர்களே, அதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

எனக்கும் ஒரு சொல் இருக்கும் என்று தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடுங்கள். காய்ச்சல் அடித்தால் மறுநாள் வரை தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். மாடிப்படி ஏறாதீர்கள், கட்டிலைக் கீழே போடச் சொல்லுங்கள்.

துறைத்தலைவர் மதியம் பதில் கேட்பார். அவரிடமோ அக்காவிடமோ இன்னும் நான் எதுவும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்: ஒப்பந்த நீட்டிப்பில் கையெழுத்துப் போடப் போகிறேன்.

நான்