படத்துக்கு அடியில் எழுத்து

செவிலிமேடு,
காஞ்சிபுரம்.
12.1.2025

அன்புத் தங்கை இளவரசிக்கு,

அக்கா பொன்னி எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் அத்தையும் சுகம். புனேயில் குளிர் எப்படி? மாப்பிள்ளை அருளுக்குச் சளி விட்டதா?

போனில் எழுதினால் ஆகாதா என்று கேட்காதே. போனில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரல் படம் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். எனக்கு முழு வாக்கியம் வேண்டும். முழுசாகச் சொல்ல ஒரு விஷயமும் இருக்கிறது.

வேலையிடத்தில் என் பக்கத்து நாற்காலியில் நஸ்னீன் என்று ஒரு பெண். ஒலிமுகமதுபேட்டைக்காரி. என்னைப் போலவே கணினியில் சேலைக் கரைக்கு டிசைன் போடுகிறாள். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். படத்துக்கு அடியில் தமிழில் எழுத்து ஓடியது! நடிகர் வாயைத் திறக்கிறார், அவர் சொன்னது கீழே வருகிறது. அதுகூடப் பெரிதில்லை. கதாநாயகி தனியாக உட்கார்ந்திருக்கிறாள், யாரும் பேசவில்லை, கீழே "தூரத்தில் ரயில் ஓசை" என்று வந்தது. திரையில் ரயிலே இல்லை, இளவரசி. இத்தனை நாளாகக் காது கேட்கிறவர்களுக்கு மட்டும் அந்த ரயில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. என் சோறு ஆறிப்போனது.

நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த வீட்டில் கேபிள் ஓடுகிறது. அத்தையும் உன் மாமாவும் எதற்கோ சிரிப்பார்கள். நான் அவர் தோளைத் தட்டி என்னவென்று கேட்பேன். "அப்புறம் சொல்றேன்" என்று கையைக் காட்டுவார். அவர் நல்லவர், உனக்கே தெரியும். ஆனால் அந்த அப்புறம் ஒரு நாளும் வந்ததில்லை.

என் போனிலேயே பார்த்துவிடலாம் என்று முயன்றேன். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. படம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மூன்று படத்துக்கு முடிவு தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அதனால் கேபிளை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நெட் போடலாம் என்று உன் மாமாவிடம் சொன்னேன். அத்தை அவரிடம், "அப்ப என் சீரியலு? அவளுக்குத்தான் காது கேக்காதே, அவளுக்கு எதுக்குடா டிவி?" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். எதிரே பீரோ கண்ணாடி இருந்ததை மறந்துவிட்டார். உதடு அப்படியே தெரிந்தது.

இந்த வீட்டில் நான் இதுவரை எதற்கும் அடம் பிடித்ததில்லை. இதற்குப் பிடிக்கப்போகிறேன். எந்தத் திட்டம் எடுக்கலாம், மாதம் எவ்வளவு ஆகும், யாரிடமும் ஏமாறாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
அக்கா பொன்னி


புனே
21.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பேருந்திலேயே படித்தேன். பக்கத்திலிருந்த மராத்திக்காரம்மா எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அந்த ரயில் வரியில்தான் அழுகை வந்தது.

இப்போது கணக்கு. கவனமாகக் கேள். கேபிளுக்கு முன்னூறு கொடுக்கிறீர்கள். உங்கள் இருவர் போனுக்கும் பெரிய ரீசார்ஜ். வீட்டுக்கு ஃபைபர் வந்துவிட்டால் பெரிய டேட்டா எதற்கு? உன் போனைச் சின்னத் திட்டத்துக்கு மாற்று. மாமா வண்டி ஓட்டுகிறவர், அவருடையது இருக்கட்டும். ஃபைபரில் வேகம் குறைந்த திட்டமே ஒரு டிவிக்குத் தாராளம். வரி தனி என்பதைச் சொல்லாமல் விடுவார்கள், கேட்டுக்கொள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இப்போது செலவாவதைவிட மாதம் நூறு ரூபாய்க்குள்தான் கூடும்.

படம் காட்டும் செயலிகளில்தான் பணம் கரையும். எல்லாவற்றையும் எடுக்காதே. ஒரு மாதம் ஒன்று. பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்து அதை நிறுத்து, அடுத்த மாதம் வேறொன்று. "மூன்று மாதம் இலவசம்" என்றால் நான்காம் மாதம் உன்னைக் கேட்காமலே எடுப்பார்கள் என்று பொருள். பணம் தானாகப் போகும் அனுமதியை முதலில் அணைத்துவிடு. பழைய டிவிக்குப் பின்னால் செருகும் ஸ்டிக்கை நானே வாங்கி அனுப்புகிறேன். பொங்கலுக்கு நான் உனக்கு ஒன்றும் செய்யவில்லை.

அத்தையின் சீரியல் ஒரு செயலியில் வரும். அதை முதலில் காட்டிவிடு, பாதி சண்டை முடிந்துவிடும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் படத்துக்கும் தமிழ் எழுத்து இருக்காது. பழைய படங்களுக்கு ஆங்கிலம்தான் வரும்.

கை வலிக்க வலிக்க உனக்கு நான் படம் சொன்ன காலம் போய்விட்டது. எனக்குச் சந்தோஷம்தான். லேசாகப் பொறாமையும் இருக்கிறது.

உன்,
இளவரசி


செவிலிமேடு
23.2.2025

அன்புத் தங்கைக்கு,

ஜெயித்துவிட்டேன்!

கேபிள் சபாபதி அண்ணனிடம் நானே போனேன். அவருக்கு மீசை உதட்டை மூடியிருக்கும், பேச்சு புரியாது. போனில் டைப் செய்து நீட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வாங்கி, "உங்க தெருவுல கேபிள் வேணாம்னு சொன்னதுல நீங்க பதினாலாவது வீடும்மா. அதான் இப்ப நானே நெட்டும் குடுக்குறேன்" என்று டைப் செய்து காட்டினார். ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பெட்டிக்குப் பணம் இல்லை என்றார். வரியோடு எவ்வளவு என்று கேட்டேன். சிரித்துவிட்டார். என் சம்பளத்திலிருந்து கட்டினேன்.

முதல் நாலு நாள் அத்தை டிவி பக்கம் திரும்பவில்லை. ஐந்தாம் நாள் குரங்குக் கூட்டம் ஒயரில் தொங்கி அறுத்துப் போட்டது. "பாத்தியாடா? கேபிள்ல இந்தத் தொல்லை உண்டா?" என்று உன் மாமாவைப் பிடித்துக்கொண்டார். கேபிளையும்தான் குரங்கு அறுக்கும். சபாபதி அண்ணன் சாயங்காலமே ஆள் அனுப்பி ஒட்டிக்கொடுத்தார். அன்றைக்கு அத்தையின் சீரியலைப் போட்டு, நடுவில் நிறுத்திக் காட்டினேன். மாமியார்க்காரி கையை ஓங்கியபடி அப்படியே நின்றாள். அத்தை எழுந்துபோய்க் குழம்பை இறக்கிவைத்துவிட்டு வந்தார். அவள் இன்னும் ஓங்கியபடியே நின்றாள். "எனக்கோசரம் நிக்கிறாளா?" என்று அத்தைக்கு வாயெல்லாம் பல். அதோடு கேபிள் பேச்சு முடிந்தது.

அந்தச் சீரியலுக்கு எழுத்து வராது. போகட்டும், அது அவருடையது. எனக்குப் படங்கள் இருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டில் காதுகுத்து. இரண்டு ஒலிபெருக்கி கட்டி, எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. நாங்கள் ஒரு நகைச்சுவைப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்கள் இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. உன் மாமா மூக்குக்கண்ணாடியை வண்டியிலேயே விட்டுவிட்டார். அத்தை எழுத்துக்கூட்டுவதற்குள் வரி ஓடிவிடும். நான் மட்டும் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். அத்தை என் முழங்கையை இடித்து, "என்னா சொல்றான்? என்னா சொல்றான்?" என்றார். நான் கையைக் காட்டினேன். அப்புறம் சொல்றேன்! உன் மாமா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அப்புறம் படத்தை நிறுத்தி நடித்தே காட்டினேன். அவர்களைப் போல நான் விட்டுவிடவில்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன், கள்ளி.

நாம் ஊரில் இருந்தபோது தியேட்டரில் பார்த்தோமே, ஒரு நர்சும் ஒரு லாரி டிரைவரும். கடைசியில் அவன் வாசலில் நின்று ஏதோ சொல்வான், அவள் அழுவாள், அவன் போவான். "மல்லிப்பூ வாங்கிக்கினு வரேன்னு சொல்றான்" என்று திரை வெளிச்சத்தில் உன் கை சொன்னது. இருபத்தைந்து வருஷமாக அவன் பூ வாங்கிக்கொண்டு திரும்பியதாகவே நான் நினைத்திருந்தேன். நேற்று அந்தப் படம் கிடைத்தது. ஆங்கில எழுத்துதான், நஸ்னீனோடு உட்கார்ந்து படித்தேன். அவன் சொல்கிறான், "இனிமேல் என்னைத் தேடாதே."

சிரிப்பாகத்தான் இருந்தது. உனக்கு எட்டு வயது, நான் அழக்கூடாது என்று சொல்லியிருப்பாய். ஆனால் ராத்திரி படுத்தபிறகு வேறொன்று தோன்றியது. என் வாழ்க்கையில் முக்கியமானது எல்லாம் உன் கை வழியாகத்தானே எனக்கு வந்தது? முசரவாக்கத்தில் நம் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அன்றைக்கு அத்தை என்ன சொன்னார்? "நீ வந்தா வீடு அமைதியா இருக்குமாம்" என்று நீ சொன்னாய். அதுதான் சொன்னாரா?

உண்மையை எழுது.

பொன்னி


செவிலிமேடு
19.3.2025

இளவரசி,

ஒரு மாதம் ஆகப்போகிறது. போனில் தினமும் சாமி படம் அனுப்புகிறாய், கடிதத்துக்கு மட்டும் பதில் இல்லை. நீ எழுதாமல் இருப்பதும் எனக்கு ஒரு பதில்தான். அதையும் உன் கையாலேயே எழுதிவிடு. எனக்கு நாற்பது வயது. இனி எனக்காக யாரும் எதையும் சர்க்கரை போட்டுக் கலக்க வேண்டாம்.

அக்கா


புனே
27.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். இதை அப்படியே அனுப்பிவிடுகிறேன்.

கிருஷ்ணம்மாள் அத்தை அன்றைக்கு அப்பா பக்கம் திரும்பிச் சொன்னது இதுதான். "வாய் பேசாத பொண்ணு வந்தா வீட்டுல சண்டை சச்சரவு இருக்காதுபா. எனக்கு நிம்மதி. அதனாலதான் ஒத்துக்கினேன்." அப்பா தலை குனிந்துகொண்டார். அம்மா உள்ளே போய்விட்டாள். நீ புடவைத் தலைப்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாய். எனக்குப் பதினேழு வயது, அக்கா. வீடு அமைதியாக இருக்குமாம் என்று சொன்னேன். வார்த்தையைப் பார்த்தால் அது பொய்கூட இல்லை. அதுதான் என்னை இத்தனை வருஷமாகக் குத்துகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அதை நான் உனக்குச் சொல்லவே இல்லை. அத்தை அப்படிச் சொன்னதும் மாமா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "யம்மா, அவங்க எதிர்லயே உக்காந்துக்கினு இருக்காங்க. அவங்க மூஞ்சியப் பாத்துப் பேசு. இல்லன்னா பேசாத" என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார். அவருக்குக் காது சிவந்துவிட்டது. அவர் என்ன சொல்கிறார் என்று நீ கேட்டாய். காபியில் சர்க்கரை கம்மியாம் என்று சொல்லிவிட்டேன். அவர் சொன்னதைச் சொன்னால் அத்தை சொன்னதையும் சொல்ல வேண்டி வருமே. கெட்டதை மறைக்கப்போய் நல்லதையும் சேர்த்து மறைத்துவிட்டேன்.

படத்துக்கு அடியில் எழுத்து வருகிறது என்று நீ எழுதியபோது நான் ஏன் பொறாமை என்றேன் தெரியுமா? அது பொறாமை இல்லை, பயம். என்றைக்காவது நீ இதைக் கேட்பாய் என்று தெரியும்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

இளவரசி


செவிலிமேடு
8.4.2025

என் தங்கமே,

இரண்டு நாள் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். மூன்றாம் நாள் கடிதத்தை உன் மாமாவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். காது மறுபடியும் சிவந்துவிட்டது. "இதுவா? நான் மறந்தே பூட்டேன். அன்னிக்கு உனக்குச் சொல்லலியா?" என்றார். யார் சொல்லுவது? கல்யாணமாகிப் பதினாறு வருஷத்துக்குப் பிறகு ஒரு மனிதர் மேல் புதிதாக ஆசை வருமா? எனக்கு வந்தது. அவருக்குச் சட்டை எடுத்தேன், நீல நிறம். என்ன விசேஷம் என்று கேட்டார். உங்களைப் பெண் பார்க்க வந்திருக்கிறேன் என்று எழுதிக் காட்டினேன்.

பிறகு அத்தை. அதை விட்டுவிட எனக்கு மனசில்லை. சீரியல் ஓடும்போது ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன். போனில் பெரிய எழுத்தில், "வாய் பேசாத பெண் வந்தால் வீட்டில் சண்டை இருக்காது என்று சொன்னீர்களா?" என்று டைப் செய்து அவர் மடியில் வைத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். டிவியில் யாரோ வாயைத் திறந்தபடி நின்றார்கள். பிறகு என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"சொன்னேன். புத்தி இல்லாம சொன்னேன். ஆனா நீ எங்கம்மா சண்டை போடாம இருந்த? பதினாறு வருசமா கண்ணாலயே போட்டுக்கினுதானே இருக்குற?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இனிமே மூஞ்சியப் பாத்தே சண்டை போடுறேன், போதுமா?" என்றார். போதும் என்றேன். அன்றிலிருந்து திரும்பித்தான் பேசுகிறார். உப்புக் கூடிவிட்டது என்பதைக்கூட முகத்துக்கு நேராகவே சொல்கிறார். இதுவரை முதுகுக்குப் பின்னால் எவ்வளவு சொல்லியிருப்பார் என்று இப்போதுதான் தெரிகிறது.

நெட் கணக்கு கேட்பாய். நீ சொன்னபடி மாதம் ஒரு செயலிதான். என் போன் சின்னத் திட்டத்துக்கு மாறிவிட்டது. நூறு ரூபாய் கூடும் என்றாய், போன மாதம் நாலு ரூபாய் மிச்சமே வந்தது. நம்பமாட்டாய், சபாபதி அண்ணன் தெருவில் யார் விசாரித்தாலும் "பொன்னியம்மாவக் கேளுங்க" என்று அனுப்பிவிடுகிறார். ஏழு வீட்டுக்கு நான்தான் திட்டம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் என் எதிரே உட்கார்ந்து, உதட்டை அசைத்து அசைத்து, எவ்வளவு பணிவாகப் பேசுகிறார்கள் தெரியுமா!

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நேற்று அந்த நர்ஸ் படத்தை மறுபடியும் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று தோன்றியது, தியேட்டரில் நீ எப்போதும் திரைக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருப்பாய். காதால் கேட்டுக் கையால் சொல்லுவாய். அப்படியானால் நீ எந்தப் படத்தையும் பார்த்ததே இல்லை, இளவரசி. எட்டு வயதிலிருந்து பதினேழு வயதுவரை நீ பார்த்ததெல்லாம் என் முகத்தைத்தான். அந்த முகம் அழக்கூடாது என்று ஒரு குழந்தை பூ வாங்கி வரச்சொல்லி ஒருவனை அனுப்பியிருக்கிறது. அவளிடம் நான் எப்படிக் கோபப்பட?

வைகாசியில் கருட சேவைக்கு மாப்பிள்ளையோடு கிளம்பி வா. அத்தை உனக்கு அடை சுட்டுப் போடுவதாகச் சொல்கிறார், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ராத்திரி நீயும் நானும் ஒரு படம் பார்ப்போம். எது வேண்டுமானாலும் நீயே தேர்ந்தெடு. திரைக்கு நேராக உட்கார், கையை மடியில் வைத்துக்கொள், என் பக்கம் திரும்பாதே. அழுவதானால் நான் பாட்டுக்கு அழுதுகொள்கிறேன். நீ படத்தைப் பார்.

உன் அக்கா,
பொன்னி