பூநாரை நின்ற இடம்

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவனின் செருப்பில் உப்பங்கழிச் சேறு. அந்த வாடை மூக்கில் ஏறியது. பாதியிலேயே இறங்கி, மீதித் தூரத்தை ஷேர் ஆட்டோவில் போனேன். லேட்டாக வந்ததற்கு சூப்பர்வைசர் கத்தினார். கத்தட்டும். உன் வருடத் திதியும் வந்து போய்விட்டது, இன்னும் நான் இப்படித்தான் இருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரே உலை முன்னால் நின்று வெந்தவர்கள் நாம். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த நீ, கல்யாணமானதும் இரும்பு உருக்க வந்துவிட்டாய். உன் மனைவி தன் அண்ணனை முகத்துவாரத்தில் பறிகொடுத்தவள். இனிமேல் ஏரிக்குப் போகமாட்டேன், வலை தொடமாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாய். எனக்கு அது தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீதான் கூப்பிட்டாய். "வா மச்சான், பூநார வந்துக்கீது. சித்தப்பா படகு சும்மாதான் கீது." பொதட்டூர்பேட்டையில் வயல்காட்டில் வளர்ந்தவன் நான். நீச்சல் தெரியாது. உன்னை நம்பி ஏறினேன்.

வழியில் படகை ஒட்டி மீன் துள்ளியது. பிடியேன் என்றேன். முறைத்தாய். "இன்னிக்கு அவுங்க பாடு. நாம கை வெக்கக் கூடாது." தூரத்தில் வலை போட்டிருந்தவர்களைக் காட்டினாய். எந்த நாளில் யார் வலை போடுவது என்று ஊர் கூடி வைத்த முறைதான் பாடு. அதைச் சொல்லும்போதே உன் குரல் மாறிவிட்டது.

"அமாவாசைக்குள்ள நான் போய் நிக்கலன்னா பாட்டுலேர்ந்து என் பேர எடுத்துடுவாங்க மச்சான். நான் வந்துட்றேன்னு சொல்லிட்டேன். உலையில இருமிக்கினே சாவ முடியாது."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"இனிமேதான் சொல்லணும்."

பூநாரைகள் கூட்டமாகத் தலையைத் தண்ணீரில் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. எனக்கு வெறும் அழுக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது. இதற்கா இவ்வளவு தூரம் என்று கிண்டல் செய்தேன். "இரு, பறக்கும்போது பாரு. றெக்கைக்கு அடியிலதான் செவப்பே கீது" என்றாய். அப்போது படகின் மூக்கு தரை தட்டி நின்றது. தள்ளுவதற்காக எழுந்தாய். ஆழம் பார்த்துவிட்டு இறங்கச் சொன்னேன்.

"பூநார நிக்கிற எடத்துல இன்னா பயம்? முட்டித் தண்ணிதான்."

உங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் இறங்குவார்களாம். குதித்துவிட்டாய். பறவைகள் நின்றது மேட்டின் விளிம்பில். அதற்கு இந்தப் பக்கம் யாரோ மிஷின் வைத்து மண் அள்ளிய பள்ளம் இருந்தது உனக்குத் தெரியாது. அது முழுக்கக் கொழகொழவென்று சேறு. ஒரே ஒரு முறை மேலே வந்தாய், வாய் நிறையச் சேறு. நான் நீட்டிய கழியைப் பிடித்தாய். இழுத்தேன். உன் கை வழுக்கிவிட்டது.

நான் கத்திய கத்தலில் அத்தனை பூநாரைகளும் எழுந்தன. தலைக்கு மேலே வானமே சிவந்தது. அந்த நேரத்தில் அதையும் என் கண் பார்த்ததே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தவர்கள்தான் உன்னை எடுத்தார்கள். உயிர் இல்லை.

கருமாதி அன்று உன் மனைவி என் எதிரே வந்து நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"பறவ பாக்கணும்னு நீ ஒத்தக்கால்ல நின்னியாமேண்ணா? மச்சானுக்கோசரம் ஒரே ஒரு தபா போய்ட்டு வந்துட்றேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. இல்லாங்காட்டி என் தலைல அடிச்ச சத்தியத்த அவரு மீறவே மாட்டாரு."

படுபாவி, என் பெயரைச் சொல்லியா கிளம்பினாய்? எனக்கு வந்த கோபத்துக்கு, உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளுக்கு உன்னிடமிருந்து மிச்சமிருந்தது அந்தச் சத்தியம் ஒன்றுதான்.

"ஆமாம்மா" என்றேன்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால், குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு போகிறாள்.