ஊசி எந்தப் பக்கம் துள்ளியது?

மார்ச் 3, செவ்வாய்

குளிர்பதனக் கிடங்கின் மெயின் பேனலில் இன்று மூன்று சி.டி.க்கும் போலாரிட்டி பார்த்து முடித்தோம். மூன்றும் சரி.

வழக்கமாக இந்த வரியோடு நோட்டை மூடிவிடுவேன். இன்று முடியவில்லை. காரணமே இல்லாமல் சிரிப்பு வருகிறது.

சி.டி. என்பது ஒரு வளையம். ஒவ்வொரு ஃபேஸின் செப்புப் பட்டையையும் சுற்றி ஒன்று உட்கார்ந்திருக்கும். பட்டையில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று ரிலே என்கிற காவல் பெட்டிக்குச் சொல்வது அதன் வேலை. (அக்கா இந்த நோட்டைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். விளக்கமெல்லாம் அவளுக்குத்தான். படி, நன்றாகப் படி.) வளையத்தைத் திருப்பி மாட்டிவிட்டால் கூட்டல் கழித்தலாகிவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு பேட்டரி போதும். ஒருவர் பட்டையில் பேட்டரி ஒயரைத் தொட்டு எடுக்க, இன்னொருவர் மீட்டர் ஊசியைப் பார்க்க வேண்டும். தொட்டதும் ஊசி வலப்பக்கம் துள்ளினால் சரி. இடப்பக்கம் துள்ளினால் வளையம் திரும்பியிருக்கிறது.

என்னோடு வரும் ஹெல்பர் இன்று லீவு. பேட்டரி பிடிக்கக் கேபிள் கான்ட்ராக்டரின் ஃபிட்டர் வந்தார். வளையங்களை மாட்டியவரும் அவர்தான். பேனலுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு "வெச்சேன்... எடுத்தேன்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த இரண்டு சொல்லை இவ்வளவு அழகாகச் சொல்ல முடியுமா? மூன்றாவது வளையத்துக்கு வந்தபோது தலையை மட்டும் வெளியே நீட்டி, "மேடம், எப்பவும் ஊசியத்தான் பாத்துட்டு இருப்பீங்களா, நடுவுல மனுஷங்களையும் பாக்கிறது உண்டா?" என்று கேட்டார். தலைமுடி முழுக்க ஒட்டடை. மீட்டரைக் கீழே போடாதது என் அதிர்ஷ்டம்.

டிக், டிக், டிக். கீழே என் கையெழுத்து. அதுகூட இன்று கொஞ்சம் வளைந்து நெளிந்துதான் விழுந்திருக்கிறது.

மார்ச் 4

பேட்டரிக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது.

மார்ச் 6, வெள்ளி

பேட்டரிக்காரர் போன் செய்தார். பேனல் கதவு போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று சந்தேகமாம். பதினைந்து வருடம் ஃபிட்டராக இருக்கிற மனுஷருக்கு ஸ்பேனர் சந்தேகம். நானும் ரொம்ப சீரியஸாகப் பதின்மூன்று என்றேன். பிறகு நாற்பது நிமிடம் பேசினோம். ஸ்பேனரைப் பற்றி அல்ல.

முப்பத்து நான்கு வயதில் எனக்கு இது தேவையா? தேவைதான் போலிருக்கிறது. பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

கரண்ட் கொடுத்தோம். கிடங்கு முழுக்க விளக்கு எரிந்தது. மேனேஜர் கைதட்டினார். பேட்டரிக்காரர் இரண்டு தூண் தள்ளி நின்று கட்டைவிரலைக் காட்டினார். நான் வானத்தில் பறந்துகொண்டிருந்தேன்.

முதல் கம்ப்ரஸரைப் போட்டோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மெயின் பிரேக்கர் டமாலென்று விழுந்தது. ரிலேயில் சிவப்பு விளக்கு: எர்த் ஃபால்ட்.

(அக்காவுக்கு: மூன்று ஃபேஸிலும் போகிற கரண்டைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு கம்பி வழியாக மண்ணுக்கு ஒழுகுகிறது என்று அர்த்தம். உடனே ரிலே பிரேக்கரைத் தட்டிவிடும்.)

மறுபடி போட்டோம். மறுபடி விழுந்தது. கம்ப்ரஸரை மாற்றி மாற்றி ஏழு தடவை.

மார்ச் 11

கேபிள் ஒவ்வொன்றையும் கழற்றி மெக்கர் (ஒழுகலைக் காட்டும் மீட்டர்) வைத்துப் பார்த்தேன். ஒழுகலே இல்லை. எல்லாம் சுத்தம். பிறகு எதற்கு விழுகிறது, சனியனே?

மார்ச் 12, வியாழன்

மோசமான நாள்.

பத்தொன்பதாம் தேதி உருளைக்கிழங்கு லாரிகள் வருகின்றன. அதற்குள் அறைகள் குளிர்ந்திருக்க வேண்டும். மேனேஜர் பொறுமையிழந்துவிட்டார். ரிலேயிலிருந்து பிரேக்கருக்குப் போகும் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டால் விழவே விழாதே, இப்போதைக்குக் கழற்றுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஸ்க்ரூ டிரைவரைக்கூட எடுத்துவிட்டார். நான் பேனலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். இரண்டே நாள் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

கொடுத்தார். ஆனால் பழியைப் பேட்டரிக்காரர் தலையில் போட்டுவிட்டார். கேபிள் ஜாயின்ட் சரியில்லை, வேறென்ன இருக்க முடியும் என்று கான்ட்ராக்டரிடம் கத்தினார். கான்ட்ராக்டர் எல்லார் முன்னாலும், தப்பு ஜாயின்ட்டில் என்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்.

அவர் கத்தியை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். தான் போட்ட ஜாயின்ட்களை ஒவ்வொன்றாக அறுத்துத் திறக்க ஆரம்பித்தார். எட்டு ஜாயின்ட். சாயங்காலத்துக்குள் நான்கைத் திறந்துவிட்டார். நான்கும் கண்ணாடி மாதிரி இருந்தன. பார்க்கச் சகிக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி, காலை

தலை வாரிக்கொண்டிருக்கும்போது பிடிபட்டது. சீப்பு தலையிலேயே நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

விளக்கு மட்டும் எரிந்தால் விழவில்லை. கம்ப்ரஸர் ஓடினால்தான் விழுகிறது. எந்தக் கம்ப்ரஸரை ஓட்டினாலும் விழுகிறது. ஒழுகலாக இருந்தால் ஒரு குறிப்பிட்ட மெஷினில் இருக்க வேண்டும். இது லோடு ஏற ஏற ஏறுகிறது. அப்படியென்றால் ஒழுகவே இல்லை. கூட்டல்தான் தப்பு. ஒரு வளையம் திரும்பியிருக்கிறது. பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் இரண்டு பங்கு வருகிறது.

ஆனால் மூன்றையும் நான் பார்த்தேனே. டிக் போட்டேனே.

பார்த்தேனா?

மூன்றாவதுக்கு ஊசி எந்தப் பக்கம் போச்சு? ஞாபகம் இல்ல. ஒட்டடை ஞாபகம் இருக்கு. அவர் பல்லு ஞாபகம் இருக்கு. ஊசி — ஐயோ. நான் ஊசியவே பாக்கல.

பாக்காமலே கையெழுத்து போட்டுட்டேன். பதினோரு வருஷத்துல ஒரு தடவகூட இப்படிப் பண்ணினதில்ல. அந்த மனுஷன் அங்க உக்காந்து ஜாயின்ட் அறுத்துட்டு இருக்கார்.

அதே நாள், பஸ்ஸில்

ஒரு வழி இருக்கிறது. மூன்றாவது வளையத்திலிருந்து வரும் இரண்டு ஒயரையும் டெர்மினலில் இடம் மாற்றிப் போட்டால் போதும். இரண்டு நிமிட வேலை. லூஸ் கனெக்ஷன் இருந்தது, இறுக்கிவிட்டேன் என்று சொல்லிவிடலாம். ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. லைசென்ஸும் பிழைக்கும், மானமும் பிழைக்கும்.

அவருக்கும் தெரியாது. என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்வார். ஜாயின்ட் மேல் விழுந்த சந்தேகம் மட்டும் அவரோடு எல்லா சைட்டுக்கும் போகும்.

மார்ச் 14, சனி

சொல்லிவிட்டேன்.

முதலில் எங்கள் முதலாளியம்மாவுக்குப் போன். டெஸ்டிங் கம்பெனியை இருபது வருடமாகத் தனியாக நடத்துகிற மனுஷி, கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். நேற்று குரலே கேட்கவில்லை. இன்று காலை நேரில் வந்துவிட்டார். மேனேஜர், கான்ட்ராக்டர், பேட்டரிக்காரர் எல்லாரையும் பேனல் முன்னால் நிறுத்தி, "நீயே சொல்லு" என்றார்.

மறுபடி பேட்டரி வைத்துக் காட்டினேன். மூன்றாவது வளையத்துக்கு ஊசி இடப்பக்கம் துள்ளியது. ஜாயின்ட்களில் எந்தத் தப்பும் இல்லை, அன்றைக்கு ஊசியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், தப்பு என்னுடையது என்றேன். எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று மேனேஜர் கேட்டார். என் காது சூடாகிக் கிடந்ததே, அதுவே பதில் சொல்லியிருக்கும்.

பேட்டரிக்காரர் குனிந்து அந்த மூன்றாவது வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இவங்க பாக்கலன்னு சொல்றாங்க. சரி. ஆனா வளையத்தத் திருப்பி மாட்டினது நான்தானே. மாட்டும்போது அம்புக்குறி எந்தப் பக்கம்னு நான் பாக்கல. எழுதறதா இருந்தா ரெண்டு பேரையும் எழுதுங்க" என்றார்.

முதலாளியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு ஆறு மாதம் கையெழுத்து கிடையாது. டெஸ்ட் செய்யலாம், ரிப்போர்ட்டில் வேறொருவர்தான் கையெழுத்துப் போடுவார். என்னைவிட நான்கு வருடம் ஜூனியர் போடுவான். வலிக்கிறது. வலிக்கட்டும்.

அவர் காரில் ஏறும்போது ஜன்னலை இறக்கிச் சொன்ன கடைசி வார்த்தை: "இனிமே நீங்க ரெண்டு பேரும் ஒரே டெஸ்ட்ல நிக்கக் கூடாது. வேற எங்க வேணா நின்னுக்குங்க."

மத்தியானம் வளையத்தைத் திருப்பி மாட்டினோம். நான்கு கம்ப்ரஸரும் ஓடின. பூஜ்யம். இவ்வளவு அழகான பூஜ்யத்தை நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

அக்கா இந்த நோட்டை முழுக்கப் படித்துவிட்டாள். மறைக்கக்கூட இல்லை. காபியைக் கையில் கொடுத்து, "அந்த ஒட்டடைய சாப்பிட வரச் சொல்லு" என்றாள். மாமா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, வீட்டில் ஃப்யூஸ் போகாமல் இருக்க வேண்டுமே என்றார். இந்த வீட்டில் யாருக்குமே வாய் சும்மா இருக்காது.

மார்ச் 19

லாரிகள் வந்தன. கிடங்கில் நான்கு டிகிரி. நான் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கிறேன். நாளை சாப்பாட்டுக்கு வருகிறார்.

மார்ச் 20

வந்தார். மூன்று தடவை சாதம் வாங்கினார். தட்டைத் தானே கழுவி வைத்தார். அக்கா கட்சி மாறிவிட்டாள்.

ஏப்ரல் 22, புதன்

மாதாந்திரச் செக்கிங்குக்காகக் கிடங்குக்குப் போயிருந்தேன். பேட்டரிக்காரர் வெளியே ஒரு கேபிள் வேலையில் இருந்தார். முதலாளியம்மா உத்தரவுப்படி ஒரே டெஸ்டில் நிற்கவில்லை. ஒரே டீக்கடையில் நின்றோம், அவ்வளவுதான். ஜூனில் கல்யாணம் என்று அங்கேதான் முடிவு செய்தோம். சந்தோஷத்தில் அவர் டீக்குப் பதிலாக என் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டார்.

பதினொரு மணிக்குக் கிடங்கு முழுக்க இருட்டானது. நான் பேனலுக்கு ஓடினேன். எர்த் ஃபால்ட். நூற்று நாற்பது ஆம்பியர். இந்தத் தடவை கூட்டல் சரி. நிஜமான ஒழுகல்.

டார்ச் எடுத்துக்கொண்டு மேனேஜரும் நானும் கம்ப்ரஸர் ரூமுக்குப் போனோம். தரை கழுவுகிற அக்கா கையில் ஹோஸ் பைப்போடு முழங்கால்வரை நனைந்து நின்றிருந்தார். இன்னொரு கை இரண்டாவது கம்ப்ரஸரின் உடம்பில் ஊன்றியிருந்தது. அதன் மோட்டார் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, கம்பி உடம்போடு சேர்ந்துவிட்டிருந்தது. ஒழுகும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த் பட்டையின் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், துரு. நூற்று நாற்பது ஆம்பியருக்கு அந்த மோட்டாரின் ஃப்யூஸ் அசைந்திருக்காது. அன்றைக்கு அந்த ரிலே ஒயரைக் கழற்றியிருந்தால், மெஷின் உடம்பு முழுக்கக் கரண்டோடு ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

மேனேஜருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. வெளியே போய், தன் அறை நாற்காலியைத் தானே தூக்கி வந்து அந்த அக்காவுக்குப் போட்டார்.

அந்த அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரவும் மாட்டேன் என்றார். "நான் எதையும் தொடல. கழுவிட்டுதான் இருந்தேன், பொட்டுனு போயிடுச்சு. என் மேல எழுதிடாதீங்க" என்றார். நான் ஈரத்தோடு அவரைக் கட்டிக்கொண்டேன். என்னம்மா இது, துணியெல்லாம் நனையுது என்று விலக்கிவிட்டார். இன்னும் பாதித் தரை பாக்கி இருக்கிறதாம். கரண்ட் எப்போது வரும் என்று கேட்டார்.

"மெதுவா வரட்டும்க்கா" என்றேன்.