கழுத்தாடிப் பற்சாவிகள் முறிந்தது குறித்துக் கல்லாற்று வேளுக்கு விடுத்த ஓலை

ஏரி நிறைக, மதகு காக்க, நீர் போன இடமெல்லாம் நெல் விளைக. நெடுமதகு நாட்டை ஆளும் அரிஞ்சிகைப் பெருமாட்டியார் திருவாய் மொழிந்தபடி, அவர்தம் ஓலைநாயகம் காரி நம்பி எழுதும் ஓலை. கல்லாற்றின் இரு கரைக்கும் காவலரும், இரவும் பகலும் சுடர்விடும் இரும்புலைகளுக்கு உரியவரும், எங்கள் அரசியாரின் தந்தையார் காலந்தொட்டு இந்நாட்டின் நட்பாளருமாகிய கண்ணந்தை வேள் அவர்கள் இதனைத் தம் அவையில் படிப்பித்துக் கேட்பாராக. தங்கள் ஆறு வற்றாதிருப்பதாக. தங்கள் குடிகள் நலமுற்றிருப்பார்களாக.

முன்னர் இவ்வரண்மனையிலிருந்து தங்களுக்கு ஓர் ஓலை வந்தது. தங்கள் நாட்டுக் கொல்லரைக் கள்ளர் என்றும், தங்கள் உலைகளை வஞ்சகத்தின் பட்டறை என்றும் அது கூறிற்று. அதை எழுதியதும் இந்தக் கைதான். அதற்குத் தாங்கள் மறுமொழி எழுதவில்லை. ஆற்றுத் துறையை அடைத்து வில்லாளரை நிறுத்தினீர்கள். அவ்வோலையை நெருப்பிலிட்டுவிடுமாறு எங்கள் அரசியார் தங்களை வேண்டிக்கொள்கிறார். என்ன நேர்ந்ததென்று சொல்லவே இவ்வோலை விடுக்கப்படுகிறது. நேர்ந்தவை யாவும் எங்கள் அரண்மனைக்குக் கருவி வாங்கும் அதிகாரி சேந்தங்கொற்றியின் கண்முன் நேர்ந்தமையால், அவள் கண்டபடியும் பட்டபடியும் அவை இங்கே சொல்லப்படும்.

எங்கள் நாட்டு மதகுகள் கையால் தூக்கும் பலகைகள் அல்ல என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பல்லுருளிகள் சுழன்று கதவை ஏற்றி இறக்கும் பொறிகள் அவை. அந்த உருளிகளைப் பிணைக்கும் மரையாணிகள் சுவருக்கும் உருளிக்கும் இடையே, ஒரு கை நுழையவே திணறும் இடுக்கில் உள்ளன. மழைக்காலத்தில் அவை தளரும்; உடனே இறுக்காவிட்டால் கதவு சரியும். நேரான சாவியால் அவற்றை இறுக்குவது கொடிய வேலை. கால்வாசி திருகுவதற்குள் சாவி சுவரில் முட்டும், எடுத்து மறுபடி மாட்ட வேண்டும், மாட்டுவதற்குள் விரல் நசுங்கும். இதற்கென்றே செய்த கழுத்தாடிப் பற்சாவி என்றொரு கருவி உண்டு. அதன் தலைக்குள் சிறு பற்சக்கரமும் ஒரு நாக்கும் இருப்பதால், ஒருபுறம் தள்ளினால் ஆணி இறுகும், மறுபுறம் இழுத்தால் கிரிகிரியென்று வெறுமனே வழுக்கித் திரும்பும். எடுத்து மாட்டும் வேலையே இல்லை. கழுத்தும் வேண்டிய பக்கம் மடங்குவதால் எந்த இடுக்கிலும் தலை நுழையும்.

ஆனால் எங்கள் தலைநகர் இரும்பு வணிகர் குழு அதற்குச் சொன்ன விலை ஓர் உழவுமாட்டு இணையின் விலை. ஆகவே பெருமதகு ஒன்றுக்கே ஒரு சாவி வாங்க இயன்றது. மற்ற மதகுகளில் ஆட்கள் நேர்ச்சாவியோடும் நசுங்கிய விரல்களோடும் காலம் தள்ளினார்கள். எல்லா மதகுக்கும் போதுமான சாவிகளை இயன்ற விலையில் எங்கிருந்தாயினும் கொணர்க என்று அரசியார் கொற்றிக்கு ஆணையிட்டார். கொற்றி உரத்துப் பேசுபவள், விலை பேசுவதில் யாருக்கும் விட்டுக்கொடாதவள், ஏமாற்றுபவரைக் கண்டால் பொறுக்கமாட்டாதவள்.

அவள் தங்கள் நாட்டுச் சந்தைக்கு வந்தாள். அங்கே மாநாகன் என்னும் கொல்லர் அதே சாவியை ஓர் ஆட்டுக்குட்டியின் விலைக்கு வைத்திருக்கக் கண்டு, முதலில் தன் கண்ணையே நம்பவில்லை. இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்கிறீர், இதில் என்ன குறை என்று நேராகவே கேட்டாள். அம்மா, தலைநகர்ச் சாவியின் கைப்பிடியில் வெள்ளியில் சிங்கம் பதித்திருப்பார்கள். மதகுக்குள் இருட்டில் அந்தச் சிங்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள், நான் சிங்கத்தை விட்டுவிட்டேன், அவ்வளவுதான் என்று அவர் சொல்லவே, அவள் சந்தையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். அவர் பட்டறையிலேயே ஒரு சாவியை எடுத்து, வண்டி அச்சின் ஆணியை முழு உடம்பின் பாரத்தையும் போட்டுத் திருகிப் பார்த்தாள். சாவி வளையவில்லை. வண்டி நிறைய வாங்கினாள். திரும்பும் வழியில் மேல்மதகு குறுக்கிட்டதால் ஒரு கட்டுச் சாவிகளை அங்கேயே இறக்கிக் கொடுத்துவிட்டு, மற்றவற்றை அரண்மனைக் கருவிக் கொட்டிலில் சேர்த்தாள். கொட்டிலின் திறவுகோல் அரசியாரின் உடன்பிறந்த இளவல் வெண்கோடனிடம் இருந்தது.

மழை தொடங்கிற்று. கொட்டிலிலிருந்து சாவிகள் மதகுகளுக்குப் போயின. பெருமதகில் பொறியாளாக இருக்கும் அழிசி, புதுச்சாவியைக் கையில் வாங்கியபோது, அதன் தலையை அப்படியும் இப்படியும் மடக்கிப் பார்த்து மகிழ்ந்து, கொற்றியை வாழ்த்தினான். அவள் அருகிலேயே நின்றாள். ஏரி நிரம்பி வந்த காலை அது. கதவு பாதி ஏறியிருக்க, ஓர் ஆணி தளர்ந்தது. அழிசி இடுக்கில் கைவிட்டு இறுக்கினான். முதல் தள்ளில் ஆணி இறுகியது. இரண்டாம் தள்ளில் சாவியின் கழுத்து மளுக்கென்று ஒடிந்தது. அவன் பாரமெல்லாம் முன்னே சாய, கை உருளிக்குள் போயிற்று.

கொற்றி அந்த ஓசையை இன்றும் கேட்பதாகச் சொல்கிறாள். ஆட்கள் ஓடிவந்து உருளியைப் பின்னுக்குச் சுழற்றி அவனை மீட்டார்கள். வலக்கையை மணிக்கட்டோடு எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் மருத்துவர், அவ்வாறே எடுத்தார். அழிசி மயங்கிக் கிடக்க, கொற்றி ஒடிந்த சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தலையையும் கைப்பிடியையும் சேர்க்கும் கழுத்தாணி இரண்டாகப் போயிருந்தது. நகத்தால் கீறினாள். கரிப்பூச்சு உரிந்து உள்ளே வெண்மையாகப் பளிச்சிட்டது. ஈயம்! மற்ற மதகுகளுக்குப் போன சாவிகளையும் கொட்டிலில் எஞ்சியவற்றையும் அன்றே வரவழைத்து ஒவ்வொன்றாக உடைத்தாள். எல்லாக் கழுத்திலும் ஈயமே இருந்தது.

தான் விரும்பி வாங்கியதும், சிரித்துப் பேசி வாங்கியதும் அவள் நெஞ்சை அறுத்தன. அப்போது அவளுக்குள் வெறுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

செய்தி தங்கள் நாட்டையும் எட்டியது. மாநாகன் என்ன செய்தார் என்பதைத் தாங்கள் அறியமாட்டீர்கள். அவர் யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டார். முறிந்தவற்றுக்கு ஈடாகப் புதுச் சாவிகளை ஒரு கழுதைமேல் ஏற்றிக்கொண்டு, கேளாமலே எங்கள் நகர வாயிலுக்கு வந்து, முறிந்த சாவியை நான் பார்க்க வேண்டும், கைபோனவரையும் பார்க்க வேண்டும் என்றார். வாயிற்காவலர் கொற்றியை அழைத்தனர். அவள் வந்து, ஊரார் முன்னிலையில் விரல் நீட்டி, இவன்தான் என்றாள். அவர் மலைத்துப்போய், அம்மா, நீங்களே திருகிப் பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டார். அவருக்கு விலங்கு பூட்டப்பட்டது. தங்களுக்கு அந்தக் கொடிய ஓலை எழுதப்பட்டது. தாங்கள் துறையை அடைத்தீர்கள். நாங்களும் படை திரட்டினோம்.

மேல்மதகில் இறக்கிய கட்டு அப்போதுதான் கொற்றிக்கு நினைவு வந்தது. அங்கும் ஒருவன் கை போகுமே என்று பதறிக் குதிரையேறி விரைந்தாள். அந்த மதகின் தலைமைப் பொறியாள் பூதங்கண்ணி என்பவள், சாவிகளைத் திருப்பிக் கேட்டதும் கட்டைத் தன் பின்னால் தள்ளிக்கொண்டு நின்றாள்.

இந்தச் சாவிகள் இல்லாவிட்டால் இம்மழையில் எங்கள் கதவே நின்றிருக்காது, மழை தொடங்கிய நாள் முதல் இவைதான் எங்களைக் காக்கின்றன, இவற்றைப் பிடுங்கிக்கொண்டு போக உனக்கு எப்படி மனம் வந்தது என்று அவள் சினந்தாள். கொற்றி திகைத்தாள். ஒன்றையேனும் உடைத்துப் பார்க்க விடு என்று கெஞ்சி வாங்கி, கல்லின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்தாள். கழுத்து ஒடியவில்லை. பலமுறை அடித்த பின்னரே கழுத்தாணி கழன்று விழுந்தது. அது இரும்பு. இன்னொன்றை உடைத்தாள். அதுவும் இரும்பு.

ஒரே வண்டியில் வந்த சாவிகள். கொட்டிலுக்குள் போனவை ஈயம், போகாதவை இரும்பு.

கொற்றி அப்படியே சேற்றில் அமர்ந்துவிட்டாள் என்று பூதங்கண்ணி எங்கள் அவையில் சொன்னாள். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, குற்றமற்ற ஒருவரை நான் கைநீட்டிக் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி அழுதாளாம்.

தலைநகர் வந்ததும் அவள் கொட்டிற் காவலனைக் கேட்டாள். சாவிகள் வந்து சேர்ந்த சில நாட்களில், வணிகர் குழுவின் கொல்லர்கள் வெண்கோடனோடு வந்து, கதவை அடைத்துக்கொண்டு உள்ளே வேலை செய்தார்கள் என்றும், அரச முத்திரை பொறிப்பதாகத் தன்னிடம் கூறினார்கள் என்றும் அவன் சொன்னான். கொற்றி சாவிகளை மறுபடி புரட்டிப் பார்த்தாள். எதிலும் முத்திரை இல்லை. அரசியார் தம் இளவலைத் தூக்கி வளர்த்தவர் என்பதை இந்நாட்டில் அறியாதார் இல்லை. இருந்தும் ஈயம் ஒன்றும் இரும்பு ஒன்றுமாக இரண்டு கழுத்தாணிகளை முந்தானையில் முடிந்துகொண்டு, கொட்டிலில் கிடந்த சாவி ஒன்றையும் எடுத்துக்கொண்டு, காவலனையும் பூதங்கண்ணியையும் அழைத்துக்கொண்டு அவைக்குச் சென்று, அரசியாரின் காலடியில் ஆணிகளையும் சாவியையும் வைத்து, கண்டதைச் சொன்னாள்.

அரசியார் அவள்மேல் சினந்தார். என் வீட்டுப் பிள்ளைமேல் பழி போடுகிறாயா என்றார். கொற்றி, பழி பொய்யானால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவரை அழைத்து ஒரே ஒரு முறை கேளுங்கள் என்றாள்.

வெண்கோடன் அழைக்கப்பட்டான். கொல்லன் நல்லதையும் கெட்டதையும் கலந்து விற்றிருப்பான் என்று முதலில் சொன்னான். கதவை அடைத்துக்கொண்டு உள்ளே என்ன செய்தாய் என்று அரசியார் கேட்டார். முத்திரை பொறித்தோம் என்றான். அரசியார் காலடியில் இருந்த சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்து, எங்கே, காட்டு என்றார்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவன் சொன்னது இது. அக்கா, மலிவான சாவி எல்லா மதகுக்கும் போய்விட்டால் வணிகர் குழுவிடம் இனி யார் வாங்குவார்கள். அவர்கள் எனக்கு வேண்டியவர்கள். சாவி ஒடியும், கல்லாற்றுச் சரக்கு ஆகாது என்று பேர் வரும், பழையபடி இவர்களிடமே வாங்குவோம் என்றுதான் நினைத்தேன். கை போகும் என்று நினைக்கவே இல்லை.

எழுதக் காத்திருந்த அடியேன் அரசியார் முகத்தைப் பார்க்க அஞ்சிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னர் அவர் இருக்கையை விட்டிறங்கி, நடந்தே சிறைக்கோட்டத்துக்குப் போனார். மாநாகனின் விலங்கைக் கழற்றச் செய்து, அவர் முன் கைகூப்பி, உமக்கு என்ன வேண்டும் கேளும் என்றார். கைபோனவரைப் பார்க்க வேண்டும் என்றுதானே வந்தேன், இன்னும் பார்க்கவில்லை என்றார் அவர்.

அழிசியின் வீட்டுக்குக் கொற்றியே அவரை அழைத்துச் சென்றாள். இத்தனை நாளும் அவரைச் சபித்துக்கொண்டு கிடந்த அழிசி, உண்மையைக் கேட்டு எழுந்து உட்கார்ந்தான். மாநாகன் பொதியிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்ட, அழிசி இடக்கையால் வாங்கி, கிரிகிரியென்று திருகிப் பார்த்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கொற்றி வாயிலிலேயே நின்றாள்.

ஆகவே எங்கள் அரசியார் தங்களுக்குத் தெரிவிப்பது: எல்லையில் எங்கள் படை இன்றே விலகுகிறது. மாநாகன் உரிய சிறப்போடு இவ்வோலையுடன் தாயகம் திரும்புகிறார். இனி இந்நாட்டு மதகுகளுக்கு அவர் பட்டறைச் சாவிகளே வாங்கப்படும். அவர் மனமுவந்து விற்றால் மட்டும். ஈயம் வைத்த கொல்லரும் அவர்களை ஏவிய வணிகரும் இங்கே தண்டம் பெறுவர். அழிசியின் குடும்பத்தை அரண்மனை தன் குடும்பமாகத் தாங்கும். கைநீட்டிக் காட்டியவள் தானே என்பதால், அதற்குரிய தண்டனையையும் தங்கள் அவையிலேயே பெறுவேன் என்று சேந்தங்கொற்றி வேண்ட, அரசியார் இசைந்தார். இவ்வோலையைத் தங்கள் கையில் தருபவள் அவளே.

அவளுக்குப் பின்னால் கைகட்டப்பட்டு நிற்பவன் வெண்கோடன். தீங்கிழைக்கப்பட்டவர் தங்கள் குடி. பொய்ப்பழி சுமந்தது தங்கள் நாடு. ஆதலால் தீர்ப்பும் தங்களுடையதே. அவன் பொருட்டு ஒரு சொல்லும் பரிந்து எழுத வேண்டா என்பது அரசியாரின் கட்டளை. அடியேன் எழுதவில்லை.

இவ்விடத்தில் அவன் பெயருக்கு முன் ஓலை கீறப்பட்டிருப்பதைக் கண்டு தாங்கள் ஐயுற வேண்டா. பழக்கத்தால் அடியேன் அங்கே இளவரசர் என்று எழுதிவிட்டேன். படித்துக் காட்டியபோது அரசியார் எழுத்தாணியை வாங்கித் தம் கையாலேயே அதை அடித்தார். அழுத்தம் மிகுந்து ஓலை கிழிந்துவிட்டது. வேறு ஓலையில் எழுதித் தரவா என்று கேட்டேன். இப்படியே போகட்டும் என்றார்.

இரட்டை மதகு முத்திரை அரசியார் முன்னிலையில் வைக்கப்பட்டது. இவ்வோலையைத் தடுப்பவர் யாராயினும் இந்நாட்டுக்குப் பகைவர். துறை காப்போர் வழிவிடுக.