எங்கள் வீட்டு வழக்கம்

தேவராஜ மொஹல்லா,
மைசூர்,
மார்ச் 1944.

அன்புள்ள சலோமி அப்பாவுக்கு,

உங்கள் மரியபுஷ்பம் அநேக வந்தனங்களுடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் குழந்தையும் சுகம். நீங்களும் உங்கள் படை ஆஸ்பத்திரியில் உடன் வேலை செய்பவர்களும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு முன் வந்த கடிதத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பர்மா எல்லையிலிருந்து தபால் தாமதமாகத்தான் வரும் என்கிறார் தபால்காரர். இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்.

அரிசிக்குத் தட்டுப்பாடுதான். ராகியை வைத்துச் சமாளிக்கிறேன். சலோமிக்கு முன்பல் விழுந்துவிட்டது. வேண்டாம் என்பதற்கு 'பேடா' என்கிறாள். தமிழைவிடக் கன்னடம்தான் அவளுக்குச் சரளமாக வருகிறது. வந்து கோபிக்காதீர்கள்.

நேற்று அவள் பள்ளிக்கூடத்தில் விழா. ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டு வழக்கம் ஒன்றை மேடையில் செய்துகாட்ட வேண்டும் என்று லிங்கம்மா டீச்சர் சொல்லியிருந்தார். ஒருத்தி யுகாதிக்குக் கொடுப்பதுபோல் எல்லோருக்கும் வேப்பம்பூவும் வெல்லமும் கொடுத்தாள். இன்னொருத்தி டீச்சர் கையில் மருதாணி இட்டாள். சலோமிக்குக் குருத்தோலையில் சிலுவை முடையச் சொல்லிக் கொடுத்திருந்தேன். கூட்டத்தைப் பார்த்து அழுதுவிடுவாளோ என்று முன்வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அவள் அழவில்லை. ஓலையை ஓரமாக வைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு அடுக்கியிருந்த தட்டுகளில் ஒன்றை எடுத்து வந்து நடுவில் வைத்தாள். எங்கள் வீட்டில் அப்பா தட்டைத்தான் முதலில் வைப்போம், அதில் சோறு போடக் கூடாது, நாங்கள் சாப்பிட்டு முடித்ததும் அம்மா அதைக் கழுவி எடுத்து வைப்பாள் என்று கன்னடத்தில் கணீரென்று சொன்னாள். டீச்சர் பாசமாக அதில் ஒப்பட்டு என்கிற போளி ஒன்றை வைக்க வந்தார். "பேடா, அது வழக்கமில்லை" என்று தட்டை இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் கைதட்டவில்லை.

நீங்கள் புறப்பட்டுப் போனபோது மனசு கேளாமல் நான் ஆரம்பித்தது அது. இன்னதற்கென்று குழந்தைக்குச் சொல்லவில்லை. நீங்கள் அந்தத் தட்டில் சாப்பிட்டது அவளுக்கு ஞாபகமே இல்லை. முப்பாட்டன் காலத்திலிருந்து வருகிற வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இது நேற்றுத்தான் எனக்கே தெரிந்தது.

டீச்சர் என்னைத் தனியே அழைத்து, உங்களிடமிருந்து காகிதம் வந்ததா என்று கேட்டார். வரும் என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் சலோமி, "ஏம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேனா?" என்றாள். "சரியாத்தான் சொன்னே கண்ணு" என்றேன்.

இதையெல்லாம் எழுதி உங்களைக் கலங்கவைக்க வேண்டாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. ஆண்டவர் உங்களைக் கண்மணிபோல் காப்பாராக. ஒரே ஒரு வரி போடுங்கள். கையில் அடிபட்டு எழுத முடியாமல் இருந்தால், பக்கத்தில் இருப்பவரை எழுதச் சொல்லுங்கள். வேறொருவர் கையெழுத்தில் கடிதம் வந்தாலும் நான் பயப்பட மாட்டேன். உள்ளே பேசுவது நீங்களாக இருந்தால் போதும்.

உங்கள் வரவையே நோக்கியிருக்கும்,
மரியபுஷ்பம்